நியூ 52: எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிவைப்பது, எங்கே நிறுத்துவது

2011 ஆகஸ்ட் 31, புதன்கிழமை. அமெரிக்கப் படக்கதை நிறுவனமான டிசி காமிக்ஸின் இரண்டு இதழ்கள் ஒரே நாளில் கடைக்கு வந்தன. ஃப்ளாஷ்பாயிண்ட் 5-ஆம் இதழோடு பழைய உலகம் முடிந்தது. ஜஸ்டிஸ் லீக் 1-ஆம் இதழோடு புதிய உலகம் தொடங்கியது. செப்டம்பர் முடிவதற்குள் மொத்தம் 52 தலைப்புகள், எல்லாவற்றின் அட்டையிலும் ‘1’. 1938 முதல் வந்துகொண்டிருந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 904-உடனும், 1937 முதல் வந்துகொண்டிருந்த டிடெக்டிவ் காமிக்ஸ் 881-உடனும் நிறுத்தப்பட்டு மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து கிளம்பின. இந்த மறுதொடக்கம்தான் நியூ 52.

இப்போது படிக்க வருபவருக்கு ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். நியூ 52-ஐ ஒரே பெரிய கதையாகப் படிக்கப் போனால் மனம் சலித்துவிடும். அது அப்படிக் கட்டப்படவில்லை. அதே நேரம், அந்தப் பெயரின் கீழ் வந்த பத்துப் பன்னிரண்டு தொடர்கள் டிசி வெளியிட்டவற்றில் மிகச் சிறந்தவை. ஆகவே தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள், காலவரிசையை விட்டுவிடுங்கள். இந்த மறுதொடக்கத்தை நேசிப்பவர்களும் இன்றுவரை அதை முழுதாக மன்னிக்காதவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். அது ஏன் என்பது கீழே போகப் போகப் புரியும்.

ஃப்ளாஷ்பாயிண்டை முதலில் படிக்க வேண்டுமா?

வேண்டாம். எந்தப் பட்டியலை எடுத்தாலும் இதுதான் முதலிடத்தில் இருக்கும். புதியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஆண்டி க்யூபர்ட் வரைந்த இந்த 5 இதழ்களில், ஃப்ளாஷ் என்ற அதிவேக நாயகனான பாரி ஆலன் காலத்தில் பின்னே போய் தன் அம்மாவைக் காப்பாற்றுகிறான். அதனால் உலகமே திரிந்துவிடுகிறது. அந்தத் திரிந்த உலகில் சுட்டுக்கொல்லப்பட்டது சிறுவன் புரூஸ் வேய்ன். பேட்மேனாக இருப்பது அவனுடைய அப்பா தாமஸ். அசல் உலகம் பழக்கமில்லாதவருக்கு இந்த மாற்றங்கள் உறைக்காது.

கடைசி இதழில் ஒரு காட்சி வருகிறது. தாமஸ் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தை பாரி கொண்டுவந்து புரூஸிடம் கொடுக்கிறான். முகமூடியைக் கழற்றிவிட்டு, வேறொரு உலகில் வாழ்ந்த அப்பாவின் கையெழுத்தைப் படித்து புரூஸ் அழுகிறான். இந்தக் கடிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் மறுபடி வரும். பேட்மேனோடு ஓரளவு பழகிய பிறகு ஃப்ளாஷ்பாயிண்டுக்கு வந்தால்தான் இந்தப் பக்கத்துக்கு உரிய கனம் கிடைக்கும். சுமார் 20 இதழ்கள் படித்த பிறகு, ஒரு மாலைப்பொழுதில் ஐந்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

முதல் படி: பேட்மேன் 1 முதல் 11 வரை

ஸ்காட் ஸ்னைடர் எழுத்து, கிரெக் கபுல்லோ ஓவியம். கோதம் நகரத்தின் சுவர்களுக்குள்ளேயே தலைமுறைகளாக ஒளிந்திருக்கும் ஆந்தைச் சபையின் கதை. பேட்மேன் யார் என்று தெரிந்தால் போதும், வேறு முன்னறிவு எதுவும் தேவையில்லை.

இதை வாங்கும்போது ஒரு சிக்கல் வரும். ‘தி கோர்ட் ஆஃப் அவுல்ஸ்’ என்ற முதல் தொகுப்பில் 1 முதல் 7 வரைதான் உண்டு, கதை பாதியில் நிற்கும். மீதி இரண்டாம் தொகுப்பான ‘சிட்டி ஆஃப் அவுல்ஸ்’-இல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். அதே சமயம் வெளிவந்த மற்ற பேட்மேன் குடும்பத் தலைப்புகளில் ‘நைட் ஆஃப் தி அவுல்ஸ்’ என்ற முத்திரையோடு வந்த இதழ்களைத் தேடி அலைய வேண்டாம். அவை இல்லாமலே மூலக்கதை முழுதாகப் புரியும்.

5-ஆம் இதழுக்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பு. வெள்ளைச் சலவைக்கல் சுரங்க வழியில் பேட்மேன் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு, நடுவிலிருக்கும் நீரூற்றின் தண்ணீரைக் குடித்து, மனம் குழம்பிப்போகும் இதழ் அது. நாலைந்து பக்கம் போனதும் பக்கம் படுக்கைவாட்டில் திரும்பிவிடும். புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் படிப்பீர்கள். பிறகு தலைகீழாகும், மறுபடி திருப்புவீர்கள். கடைசியில் புத்தகத்தின் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று உங்களுக்கே தெரியாது, அவனுக்கும் தெரியாது. இதை அச்சுப் பிழை என்று எண்ணிவிட வேண்டாம். டேப்லெட்டில் படிப்பவர்கள் இந்த இதழைத் திறக்கும் முன் திரை தானாகச் சுழலும் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் திருப்பும்போதெல்லாம் சாதனம் படத்தை நேராக்கி, அந்த அனுபவத்தையே அழித்துவிடும். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் முறையும் இந்த இதழுக்கு ஆகாது. முழுப் பக்கமாகவே பாருங்கள்.

இரண்டாம் தொகுப்பிலேயே 2012-இல் வந்த முதல் ஆண்டு மலரும் இருக்கிறது. மிஸ்டர் ஃப்ரீஸின் கதை. 1990-களின் பேட்மேன் கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். நோரா அவனுடைய மனைவியே இல்லை, அவன் பிறப்பதற்கு முன்பே உறையவைக்கப்பட்ட யாரோ ஒரு பெண், அவளைத் தன் மனைவி என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான் என்று கதை மாறுகிறது. தனிக்கதையாக எடுத்துக்கொண்டால் கூர்மையான திருப்பம். ஆனால் டிசியின் வில்லன்களில் நம்மைக் கண்கலங்க வைத்த ஒருவனிடமிருந்து அந்தக் காரணத்தையே பிடுங்கிக்கொள்கிறது. நியூ 52-இன் இயல்பு இந்த ஓர் ஆண்டு மலருக்குள் அடங்கியிருக்கிறது: கைத்திறன் அபாரம், எடுத்துக்கொண்ட விலை பெரிது.

பேட்மேனைத் தொடர விரும்பினால்: ஜோக்கர் கதை 13 முதல் 17 வரை. ஜோக்கரின் முகத்தோல் ஏன் தனியாகக் கிடக்கிறது என்று குழம்புவீர்கள்; அது டிடெக்டிவ் காமிக்ஸ் 1-இன் கடைசிப் பக்கத்தில் நடந்தது. அந்த ஒரு பக்கம் தெரிந்தால் போதும், அந்தத் தொடரை முழுக்கப் படிக்கத் தேவையில்லை. பேட்மேனின் தொடக்கத்தைச் சொல்லும் ‘ஸீரோ இயர்’ 21 முதல் 27 வரையும், பிறகு 29 முதல் 33 வரையும். நடுவில் 28 வேறொரு தொடரின் முன்னோட்டம், அதைத் தாண்டிச் செல்லுங்கள். ‘எண்ட்கேம்’ 35 முதல் 40 வரை. ஒரே எழுத்தாளரும் ஒரே ஓவியரும் ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஒரு தொடரோடு தங்கியது நியூ 52-இல் மிக அபூர்வம். மற்ற தலைப்புகளில் ஆட்கள் அடிக்கடி மாறினார்கள். ஜார்ஜ் பெரெஸ் போன்ற பெரிய கைகூட சூப்பர்மேனில் 6 இதழ்களோடு விலகியது.

இரண்டாம் படி: உங்கள் ருசிக்கு ஒன்று

பேட்மேனுக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறக்காதீர்கள். கீழே இருப்பவற்றில் ஒன்றை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

புராணமும் குடும்பப் பகையும் பிடிக்கும் என்றால் வொண்டர் வுமன். பிரையன் அஸரெல்லோ, கிளிஃப் சியாங். 1 முதல் 35 வரை ஒரே கதை, 6 தொகுப்புகள். மற்ற நாயகர்கள் கிட்டத்தட்ட வருவதே இல்லை என்பதால் வேறு எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 35-உடன் நிறுத்துங்கள். 36-இல் குழு மாறுகிறது, தொனியும் மாறுகிறது, ஏழாம் தொகுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கிரேக்கக் கடவுள்களை சியாங் வரைந்திருக்கும் விதம் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் களிமண்ணிலிருந்து தாய் பிசைந்த பெண் என்ற பழைய பிறப்புக் கதை போய், டயானா ஜீயஸின் மகளாகிறாள். 7-ஆம் இதழில் அமேசான் பெண்களின் கடந்தகாலம் பற்றி வெளிப்படும் செய்தி கொடூரமானது. கப்பல்களில் ஏறி ஆண்களோடு கூடி, அவர்களைக் கொன்று, பிறக்கும் ஆண் குழந்தைகளை ஆயுதங்களுக்கு ஈடாகக் கொடுத்தார்கள் என்கிறது கதை. பல பத்தாண்டுகளாக அந்தத் தீவை அன்பின் இடமாக எண்ணியவர்களுக்கு இது ஆறாத காயம். கதையின் உள்ளே அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஏற்பதா என்று 35-ஐ முடித்தபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

திகில் வேண்டுமென்றால் அனிமல் மேனும் ஸ்வாம்ப் திங்கும். முன்னதை எழுதியவர் ஜெஃப் லெமைர், பின்னதை எழுதியவர் ஸ்னைடர். இரண்டும் தனித்தனித் தொடர்கள், ஆனால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வரிசை இப்படி: அனிமல் மேன் 1 முதல் 11, ஸ்வாம்ப் திங் 1 முதல் 11, பிறகு இரண்டிலும் 12, பிறகு இரண்டிலும் 0, அதன்பின் 13-இலிருந்து மாறி மாறி ஒவ்வொன்றாக. ஒன்றை மட்டும் படித்தால் 12-இல் வந்து முட்டிக்கொள்வீர்கள். அனிமல் மேனின் பலம் அரக்கர்கள் அல்ல. வாடகை, பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் பயம் என்று ஒரு சாதாரணக் குடும்பம் அரக்கர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வதுதான். லெமைர் 29-ஆம் இதழில் முடிக்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

மனதுக்கு இதமான தொடக்கம் வேண்டும் என்பவர்களுக்கு அக்வாமேன். ஜான்ஸ், இவான் ரெய்ஸ். முதல் இதழில் ஆர்தர் ஒரு கடலோர உணவகத்துக்குள் போய் உட்கார்ந்து மீன் வறுவல் கேட்கிறான். ‘நீ மீன்களோடு பேசுபவன் ஆயிற்றே, எப்படி மீனைச் சாப்பிடுவாய்’ என்று சுற்றியிருப்பவர்கள் திகைக்கிறார்கள். அந்த மேசையில் அவன் பொறுமையாகப் பதில் சொல்லும் சில பக்கங்களிலேயே, பல பத்தாண்டுகளாகக் கேலிப்பொருளாக இருந்த ஒரு நாயகனுக்கு மரியாதை திரும்புகிறது. ஜான்ஸ் 25 வரை எழுதினார்.

ஓவியத்துக்காகவே படிப்பவர்களுக்கு ஃப்ளாஷ் 1 முதல் 25, ஃபிரான்சிஸ் மனபுல், பிரையன் புச்செலாட்டோ. இரு பக்கங்கள் சேர்ந்து ஒரே படமாக விரியும் இடங்கள் நிறைய. கதைத் தலைப்பே கட்டடமாகவும் தெருவாகவும் படத்துக்குள் கலந்திருக்கும். கைப்பேசியில் படித்தால் இதில் பாதி போய்விடும். அச்சில், அல்லது குறைந்தது 10 அங்குலத் திரையில் பாருங்கள்.

ஆக்‌ஷன் காமிக்ஸ் 1 முதல் 18, கிராண்ட் மாரிசன். இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. அதே மாதம் சூப்பர்மேன் என்ற தனித் தலைப்பும் வந்தது. அது ‘இன்று’ நடக்கும் கதை, ஆக்‌ஷன் காமிக்ஸ் அதற்கு 5 ஆண்டுகள் முந்தியது. இரண்டையும் சேர்த்துப் படிக்காதீர்கள், ஆக்‌ஷன் மட்டும் போதும். டி-ஷர்ட், ஜீன்ஸ், பூட்ஸ், தோளில் ஒரு சிறு துணி. இன்னும் பறக்கத் தெரியாமல் தாவுகிறான், ஊழல் முதலாளி ஒருவனை மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு குதித்து உண்மையைச் சொல்ல வைக்கிறான். 1938-இன் கோபக்கார சூப்பர்மேனை மாரிசன் மீட்டுக் கொண்டுவந்தார். பின்பாதி சிக்கலானது, 13-க்குப் பிறகு வேகத்தைக் குறைத்துப் படியுங்கள்.

ஜஸ்டிஸ் லீக் 1 முதல் 6 பற்றி எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். முதல் இதழின் அட்டையில் ஏழு பேர் நிற்பார்கள், உள்ளே பெரும்பாலும் பேட்மேனும் கிரீன் லேன்டர்னும்தான். சூப்பர்மேன் அந்த இதழின் கடைசியில்தான் வருகிறான், வொண்டர் வுமன் 3-இல், அக்வாமேன் அவளுக்கும் பிறகு. மாதம் ஒன்றாகப் படித்தவர்களுக்கு இது பெரிய சோதனை. இன்று ஆறையும் ஒரே மூச்சில் படிப்பவருக்கு ஜிம் லீயின் பக்கங்கள் குறைவில்லாத கொண்டாட்டம்.

இவை போக, சிறிய பொக்கிஷங்கள் இரண்டு. 8 இதழ்களோடு நிறுத்தப்பட்ட ஓமேக். கீத் கிஃபென் ஜாக் கிர்பியின் பாணிக்குச் செலுத்திய காணிக்கை, ஒரே தொகுப்பில் முடிந்துவிடும். சைனா மீவில் எழுதிய டயல் எச். 15 இதழ்களும் ஒரு 0-ஆம் இதழும், அதோடு கதையின் முடிவாக ஜஸ்டிஸ் லீக் 23.3 என்ற எண்ணில் வந்த ஓர் இதழும். அந்தக் கடைசி இதழ் வேறு தலைப்பில் ஒளிந்திருப்பதால் பலர் தவறவிடுகிறார்கள்.

இங்கே தொடங்கக் கூடாது

அட்டையில் 1 என்று இருக்கிறது என்பதற்காக எல்லாமே தொடக்கம் அல்ல. மறுதொடக்கத்தின்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்த இரண்டு பகுதிகளின் கடந்தகாலத்தில் டிசி கைவைக்கவில்லை: கிரீன் லேன்டர்ன், பேட்மேன். கிரீன் லேன்டர்ன் 1-ஐத் திறந்தால் பச்சை மோதிரம் பழைய எதிரி சினெஸ்ட்ரோ கையில் இருக்கும், அதுவரை கிரீன் லேன்டர்னாக இருந்த ஹால் ஜோர்டன் வேலையில்லாமல் இருப்பான். ஏன் என்று அந்த இதழ் விளக்காது. அது 2004-இல் ‘கிரீன் லேன்டர்ன்: ரீபர்த்’ என்ற குறுந்தொடரில் ஜான்ஸ் தொடங்கிய நீண்ட கதையின் பின்பகுதி. 2004-இலிருந்து வந்து, நியூ 52-இன் 20-ஆம் இதழில் முடியுங்கள். பேட்மேன் இன்கார்ப்பரேட்டடும் அப்படியே; மாரிசன் 2006-இல் தொடங்கியதன் கடைசி அத்தியாயம்.

இதனால் ஒரு பக்கவிளைவு உண்டு. பீட்டர் டோமாசியும் பேட்ரிக் க்ளீசனும் செய்த பேட்மேன் அண்ட் ராபின் மிக நல்ல தொடர். அப்பா புரூஸும் 10 வயது மகன் டேமியனும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளும் கதை. ஆனால் 17-க்கும் 18-க்கும் நடுவே டேமியனுக்கு நடப்பது இந்தத் தொடரில் இல்லை, பேட்மேன் இன்கார்ப்பரேட்டட் 8-இல் நடக்கிறது. அதைப் படித்துவிட்டு 18-க்கு வாருங்கள். அந்த இதழில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மகன் எழுதிவைத்த ஒரு கடிதத்தைத் தவிர எழுத்தே கிடையாது. காலியாகக் கிடக்கும் அறை, நாய், வீட்டில் யாரோடும் பேச முடியாத ஓர் அப்பா. மறுதொடக்கத்தில் என்னென்ன குறை சொன்னாலும், இந்த ஒரு இதழ் வந்ததற்காக அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

செப்டம்பர் மாதப் பொறிகள்

ஒவ்வொரு செப்டம்பரிலும் டிசி வழக்கமான கதையை நிறுத்திவிட்டு ஏதாவது செய்தது. தொடரைத் தனி இதழ்களாகச் சேர்ப்பவருக்கு எண் இடறுவது இங்கேதான்.

2012 செப்டம்பர்: எல்லாத் தலைப்பிலும் 0-ஆம் இதழ். எண் பூஜ்யம் என்பதால் முதலில் படிக்கத் தோன்றும், செய்யாதீர்கள். அவை 12-க்கும் 13-க்கும் நடுவே வந்தவை, அதுவரை நடந்தது தெரியும் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை.

2013 செப்டம்பர்: வில்லன்களின் மாதம். 23.1, 23.2 என்று தசம எண்கள். சாய்த்துப் பார்த்தால் படம் அசையும் பிளாஸ்டிக் அட்டையோடு 3.99 டாலர், சாதாரண அட்டையோடு 2.99 டாலர், உள்ளே கதை ஒன்றுதான். மேலே சொன்ன டயல் எச் முடிவு போன்ற ஓரிரண்டைத் தவிர மற்றவற்றை விட்டுவிடலாம். பிளாஸ்டிக் அட்டை எளிதில் கீறல் விழும், ஒன்றன்மேல் ஒன்றாக உறையில்லாமல் அடுக்காதீர்கள்.

2014 செப்டம்பர்: ‘ஃப்யூச்சர்ஸ் எண்ட்’ என்ற பெயரில் 5 ஆண்டு கழித்து நடக்கும் ஒற்றை இதழ்கள். தயங்காமல் தாண்டுங்கள்.

தொடர்களைக் கடந்து போகும் பெருங்கதைகளில் ‘த்ரோன் ஆஃப் அட்லாண்டிஸ்’ நல்லது. வரிசை: முன்கதையாக அக்வாமேன் 14, பிறகு ஜஸ்டிஸ் லீக் 15, அக்வாமேன் 15, ஜஸ்டிஸ் லீக் 16, அக்வாமேன் 16, ஜஸ்டிஸ் லீக் 17. ஜஸ்டிஸ் லீக் மூன்றாம் தொகுப்பிலும் அக்வாமேன் மூன்றாம் தொகுப்பிலும் இதே கதைதான் இருக்கிறது. இரண்டையும் வாங்கிவிட்டு வருந்துபவர்கள் நிறையப் பேர். அக்வாமேனைத் தொடர்பவர்கள் அக்வாமேன் தொகுப்பையே வாங்குங்கள்.

5 ஆண்டுக் கணக்கு ஏன் உதைக்கிறது

புதிய உலகில் நாயகர்கள் பகிரங்கமாகத் தோன்றி 5 ஆண்டுதான் ஆகிறது என்று டிசி அறிவித்தது. பேட்மேனின் பழைய கதையையும் வைத்துக்கொண்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டிக் கிரேசன், ஜேசன் டாட், டிம் டிரேக், டேமியன் என்று நால்வர் அடுத்தடுத்து ராபினாக அவனோடு பணியாற்றியாக வேண்டும், ஆளுக்கு ஓராண்டு சொச்சம்தான் கிடைக்கும். ஜேசன் அதற்குள் இறந்து, உயிர்த்து, எதிரியாகி, பாதி சமாதானமும் ஆகியிருக்க வேண்டும். பகிரங்கமாகும் முன்பே பேட்மேன் மறைவாக இயங்கினான் என்று சொல்லிச் சமாளித்தாலும் கணக்கு ஒட்டவில்லை. இதைத் தீர்க்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். பாதியை அழித்து, பாதியை வைத்துக்கொண்டதால் வந்த பிழை இது. 1986-க்குப் பிறகு சூப்பர்மேனுக்கும் வொண்டர் வுமனுக்கும் செய்ததுபோல் துணிந்து முதலிலிருந்து சொல்லியிருந்தால் தெளிவாவது இருந்திருக்கும். ஒவ்வொரு தொடரும் தனக்குள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

போனவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவருக்கு இது தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் இது தெரியாமல் பழைய ரசிகரின் வருத்தம் புரியாது. கடைசிப் படியும் வேலை செய்யாது.

1996-இல் மணம் முடித்த லோயிஸும் சூப்பர்மேனான கிளார்க்கும் மணமாகாதவர்கள் ஆனார்கள். ஜஸ்டிஸ் சொசைட்டியின் மூத்த வீரர்கள் இந்த உலகில் இருந்ததே இல்லை என்றானது. 2012 மே மாதம் எர்த் 2 என்ற தொடரில், வேறொரு உலகில், இளைஞர்களாகத் திரும்பினார்கள். பேட்மேன் குடும்பத்து நாயகிகளான ஸ்டெஃபனி பிரவுன், கசாண்ட்ரா கெய்ன் இருவரும் காணாமல் போனார்கள். ஸ்டெஃபனி 2014-இல் ‘பேட்மேன் எடர்னல்’ வாரத் தொடரிலும், கசாண்ட்ரா 2015-இல் அதன் அடுத்த தொடரிலும்தான் வந்தார்கள். ஸ்டெஃபனி பேட்கேர்ளாக இருந்த முந்தைய தொடர் 24 இதழ்களோடு இந்த மறுதொடக்கத்துக்காக நிறுத்தப்பட்டது. அதைத் தேடிப் பிடித்துப் படியுங்கள், நியூ 52-இல் வந்த பலவற்றைவிட அதில் உயிர் அதிகம்.

பார்பரா கார்டன் விஷயம் இன்னும் கடினம். 1988-இல் ஜோக்கர் சுட்டதில் நடக்க முடியாமல் போன பார்பரா, அடுத்த ஆண்டே ஆரக்கிள் என்ற பெயரில் சக்கர நாற்காலியிலிருந்து மொத்த நாயகர் கூட்டத்துக்கும் மூளையாக மாறினாள். 20 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தாள். மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலருக்கு டிசியில் தங்களைப் போன்ற ஒருத்தி என்றால் அது அவள்தான். நியூ 52-இல் 3 ஆண்டில் குணமாகி மறுபடி பேட்கேர்ள் ஆகிறாள். எழுதியவர் கெயில் சிமோன். ஆரக்கிளை நெடுங்காலம் எழுதியவரும் அவரே. அதனால் அந்த அதிர்ச்சியும் பயமும் கதைக்குள் நேர்மையாக வருகின்றன. தொடரைப் படியுங்கள். ஆனால் அதற்கு முன் அவருடைய பர்ட்ஸ் ஆஃப் ப்ரே கதைகளில் ஒன்றிரண்டையாவது படித்து, ஆரக்கிள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வாலி வெஸ்ட்: பாரி ஆலன் 1985-இல் இறந்தபின் 20 ஆண்டுகளுக்கு மேல் ஃப்ளாஷாக ஓடியவன். 2011-இல் ஒரு வரி விளக்கமும் இல்லாமல் மறைந்தான். 2014-இல் ஃப்ளாஷ் தொடரில் அதே பெயரில் ஒரு கறுப்பினச் சிறுவன் வருகிறான்; அவனும் இவனும் ஒரே ஆள் அல்ல, ஒரே பெயர் வைக்கப்பட்ட உறவினர்கள் என்று பின்னர் விளக்கப்பட்டது.

வாங்கும்போது

‘பேட்மேன் 1’ என்று மட்டும் கேட்டுப் பணம் அனுப்பிவிடாதீர்கள். 1940, 2011, 2016 என்று பல ஒன்றுகள் உண்டு. ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்க இதழ்களில் அச்சிடப்படும் மாதம் கடைக்கு வந்த மாதத்துக்கு இரண்டு மாதம் தள்ளியிருக்கும் என்பதால், செப்டம்பர் 2011-இல் வந்தவற்றில் நவம்பர் 2011 என்றுதான் இருக்கும். முதல் அச்சா மறு அச்சா என்பதை உள்ளே இருக்கும் பொடி எழுத்தில் பாருங்கள். ஜஸ்டிஸ் லீக் 1 பலமுறை மறு அச்சானது, முதல் அச்சின் விலையை மறு அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் டிஜிட்டல் குறியீட்டோடு விற்ற இதழ்கள் பழைய கடைகளில் கிடைக்கும். அந்தக் குறியீட்டை நம்பிக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

படிக்க மட்டும் என்றால் தொகுப்புதான் சிக்கனம். தனி இதழில் 20 பக்கக் கதை, தொகுப்பில் விளம்பரம் இல்லாமல் 6, 7 இதழ்கள். 0-ஆம் இதழும் ஆண்டு மலரும் எந்தத் தொகுப்பில் சேர்ந்திருக்கின்றன என்று பின்னட்டையில் இருக்கும் இதழ் எண்களைப் படித்துவிட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் கேட்வுமன் 1, ரெட் ஹூட் அண்ட் தி அவுட்லாஸ் 1 இரண்டையும் தவிருங்கள். பெண்களை வரைந்த விதத்துக்காக வெளிவந்த மாதமே கடும் கண்டனம் பெற்றவை அவை, கண்டனம் சரியானதே.

வெளியே வரும் வழி

2015 ஏப்ரல், மே மாதங்களில் ‘கன்வெர்ஜென்ஸ்’ நிகழ்வுக்காக வழக்கமான தொடர்கள் நின்றன. ஜூனில் திரும்பியபோது நியூ 52 என்ற முத்திரை எடுக்கப்பட்டது. எண்கள் மட்டும் தொடர்ந்து 52 வரை போயின. 2016-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் 957 என்ற எண்ணோடு வந்தது. பழைய 904-உடன் இந்த 52-ஐயும் கூட்டி, அதற்கு அடுத்த எண். டிடெக்டிவ் அதே கணக்கில் 934.

உங்கள் கடைசி இதழ் 2016 மே 25 அன்று வந்த ‘டிசி யூனிவர்ஸ்: ரீபர்த்’ 1. 80 பக்கம், 2.99 டாலர். அதைத் திறப்பதற்கு முந்தைய வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, தள்ளிவைத்த ஃப்ளாஷ்பாயிண்டை இன்னும் படிக்கவில்லை என்றால் முடித்துவிடுங்கள். இரண்டு, 1992-இல் மார்க் வெய்ட் எழுதிய ஃப்ளாஷ் 62 முதல் 65 வரை, ‘பார்ன் டு ரன்’ என்ற நான்கு இதழ்களைப் படியுங்கள். சிறுவன் வாலி பாரியைச் சந்தித்து ஓடக் கற்றுக்கொண்ட கதை அது.

பிறகு ரீபர்த்தைத் திறங்கள். காலத்துக்கு வெளியே மாட்டிக்கொண்ட வாலி தன்னை நினைவுகூர யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறான். பேட்மேனிடம் போய் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறான். மனைவியாக இருந்த லிண்டாவிடம் போகிறான். அவளுக்கு அவனைத் தெரியவில்லை. யாரோ இந்த உலகத்திலிருந்து 10 ஆண்டுகளைத் திருடிவிட்டார்கள் என்கிறான். கடைசியாக விடைபெற்றுக்கொள்ள மட்டும் பாரியிடம் வருகிறான். கரைந்து மறையப் போகும் நேரத்தில் பாரி அவன் பெயரைச் சொல்கிறான், கையைப் பிடித்து இழுக்கிறான், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். ‘உன்னை எப்படி மறந்தேன்’ என்று பாரி அழுகிறான்.